கென்னடியின் மருந்துப் பை

1947 ஒக்டோபர் மாதம். இங்கிலாந்திலிருந்து நியூயோர்க் திரும்பிய குயின் மேரி என்ற பயணிகள் கப்பலில், முப்பது வயது இளைஞர் ஒருவர் எழுந்து நிற்கவும் முடியாத நிலையில் படுத்திருந்தார். இனித் தப்புவது கடினம் என்று கருதப்பட்டதால் குருவானவர் அழைக்கப்பட்டார். கத்தோலிக்கர்கள் மரணத் தறுவாயில் பெற்றுக்கொள்ளும் அவஸ்தைப்பூசுதல் அவருக்கு வழங்கப்பட்டது. கப்பலிலிருந்து அவரைத் தூக்குப்படுக்கையில்தான் இறக்கினார்கள்.

அந்த இளைஞர் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் புதிய உறுப்பினர் ஜோன் எஃப். கென்னடி. போர்க்காலத்தில் பசுபிக் கடலில் பிடித்த மலேரியா திரும்ப வந்திருக்கிறது என்று பத்திரிகைகளுக்குச் சொல்லப்பட்டது.

அது மலேரியா அல்ல. சில வாரங்களுக்கு முன்னர் லண்டனில் அவர் மயங்கும் நிலைக்கு வந்தபோது பரிசோதித்த வைத்தியர் டேனியல் டேவிஸ், அது அடிசன் நோய் என்று கண்டுபிடித்திருந்தார். இந்த இளைஞர் இன்னும் ஒரு வருடம்கூட இருக்கமாட்டார் என்று கென்னடியின் நண்பி ஒருவரிடம் அவர் தெரிவித்திருந்தார்.

கென்னடி அதன் பின்னர் பதினாறு வருடங்கள் வாழ்ந்தார். செனட்டர் ஆனார், திருமணம் செய்தார், பிள்ளைகளைப் பெற்றார், 43 வயதில் அமெரிக்க ஜனாதிபதியானார். கடைசியில் அவரைக் கொன்றதும் நோயல்ல, துப்பாக்கிக் குண்டு. அந்தப் பதினாறு வருடங்களையும் அவருக்குத் தந்தவை தோலுக்கு அடியில் வைக்கப்பட்ட சிறு மருந்து உருண்டைகளும் தினமும் விழுங்கிய குளிகைகளும்தான். அவற்றை உலகத்தின் கண்ணிலிருந்து மறைப்பதற்கு அவரும் குடும்பத்தினரும் பட்ட பாடு, நோயோடு பட்ட பாட்டுக்குக் குறைந்ததல்ல.

சுரப்பி நின்றுவிட்டால்

நமது இரண்டு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி வைத்தாற்போல் இரண்டு சிறிய சுரப்பிகள் இருக்கின்றன. அதிரினல் சுரப்பி என்று அவற்றைச் சொல்வார்கள். ஒவ்வொன்றும் சில கிராம் எடைதான். ஆனால் அவை சுரக்கும் கோர்ட்டிசோல், அல்டொஸ்தெரோன் என்ற ஓமோன்கள் இல்லாமல் மனிதன் உயிர்வாழ முடியாது. உடம்பில் உப்பும் நீரும் தங்குவது, குருதி அமுக்கம் விழாமல் இருப்பது, பசித்திருக்கும்போதும் குருதியில் சீனியின் அளவு குறையாமல் இருப்பது எல்லாம் இவற்றின் வேலை.

இச்சுரப்பிகள் பழுதடைந்தால் என்ன நடக்கும் என்பதை லண்டன் வைத்தியர் தோமஸ் அடிசன் 1855 ஆம் ஆண்டு விவரித்தார். நோயாளி நாளுக்கு நாள் களைத்துப்போவார். உடம்பு மெலியும். வாந்தி வரும். எழுந்து நின்றால் தலை சுற்றும். தோல் காரணமில்லாமல் கறுக்கும். அடிசனின் காலத்தில் இந்தச் சுரப்பிகளை அழித்தது பெரும்பாலும் காசநோய். கென்னடிக்குக் காசநோய் இருக்கவில்லை. கிருமிகளோடு போராட வேண்டிய உடம்பின் காவற்படையே தன் சொந்தச் சுரப்பியைத் தாக்கி அழிக்கும் வகை ஒன்றும் உண்டு. அதுவே அவருக்கு வந்திருந்தது என்று பிற்கால ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவருக்குத் தைரொயிட் சுரப்பியும் குறைவாகவே வேலை செய்தது. அதற்கும் அவர் மருந்து எடுத்தார். அவருடைய தங்கை யூனிஸுக்கும் அடிசன் நோய் இருந்தது.

இந்த நோய்க்கான மருந்து, நோயைக் குணப்படுத்தும் மருந்தல்ல. இன்சுலின் சுரக்காத நீரிழிவுக்காரருக்கு இன்சுலின் ஏற்றுவதைப் போல, உடம்பு தானே சுரக்கவேண்டியதை வெளியிலிருந்து கொடுப்பதுதான் இங்கும் சிகிச்சை. ஆகவே நன்றாக இருக்கிறது என்று நிறுத்த முடியாது. நன்றாக இருப்பதே அந்த மருந்தால்தான்.

இன்னொரு விடயமும் உண்டு. காய்ச்சல், காயம், சத்திரசிகிச்சை, பெரும் அதிர்ச்சி என எது வந்தாலும் சுகதேகியின் உடம்பு தானாகவே கோர்ட்டிசோலைக் கூட்டிச் சுரக்கும். அடிசன் நோயாளியின் உடம்பால் அது முடியாது. அந்த நேரங்களில் மருந்தின் அளவை அவரே கூட்டவேண்டும். வாந்தியினால் குளிகை வயிற்றில் தங்காவிட்டால் ஊசியாக ஏற்றவேண்டும். தவறினால் சில மணித்தியாலங்களில் குருதி அமுக்கம் விழுந்து உயிர் போகும் ஆபத்து உண்டு. 1947 இல் லண்டனில் கென்னடி அத்தகைய நிலையில்தான் வைத்தியரிடம் போய்ச் சேர்ந்தார்.

நோயோடு வளர்ந்தவர்

1917 மே 29 ஆம் திகதி மசச்சூசெட்ஸ் மாநிலத்தின் புரூக்லைன் நகரில், ஒன்பது பிள்ளைகளில் இரண்டாவதாகக் கென்னடி பிறந்தார். தந்தை பெரும் பணக்காரர். மூன்று வயது நிறைவதற்கு முன்னரே செங்காய்ச்சல் வந்து உயிருக்குப் போராடினார். பாடசாலைக் காலம் முழுவதும் வயிற்று நோய், மெலிவு, காய்ச்சல் என்று வைத்தியசாலைக்கும் விடுதிக்குமாக அலைந்தார். 1934 இல் புகழ்பெற்ற மேயோ மருத்துவ நிலையத்தில் ஒரு மாதம் வைத்துப் பரிசோதித்தும் தெளிவான காரணம் கிடைக்கவில்லை.

இரண்டாம் உலகப் போரில் சேர விரும்பியபோது முதுகு வலியால் மருத்துவப் பரிசோதனையில் தோற்றார். தந்தையின் செல்வாக்கினால்தான் 1941 இல் கடற்படைக்குள் நுழைந்தார். நோயைக் காட்டிப் போரிலிருந்து விலகப் பலர் முயன்ற காலத்தில், நோயை மறைத்துப் போருக்குப் போனவர் அவர்.

1943 ஆகஸ்ட் 2 ஆம் திகதி அதிகாலை, சொலமன் தீவுகளுக்கு அருகில் அவர் பொறுப்பிலிருந்த சிறு போர்ப் படகை ஜப்பானிய நாசகாரிக் கப்பல் ஒன்று மோதி இரண்டாகப் பிளந்தது. பதின்மூன்று பேரில் இருவர் இறந்தனர். எரிகாயம் பட்ட ஒருவருடைய உயிர்காப்பு அங்கியின் வாரைத் தன் பற்களால் கவ்வியபடி, அவரையும் இழுத்துக்கொண்டு சுமார் நான்கு மணித்தியாலம் நீந்திக் கென்னடி ஒரு சிறு தீவை அடைந்தார். சில நாட்களின் பின்னரே மீட்புப் படகு வந்தது. அந்தச் சம்பவம் அவரை வீரராக்கியது. முதுகு வலியோ முன்னரைவிட மோசமானது.

1946 இல் பொஸ்டனில் தேர்தலுக்கு நின்றார். வாக்கெடுப்புக்கு முதல் நாள் நடந்த நீண்ட ஊர்வலத்தின் முடிவில், முகத்தின் நிறம் மாறி மயங்கி விழுந்தார். அவரைப் பார்த்தவர்கள் மாரடைப்போ என்று பயந்தார்கள். அது அடிசன் நோயின் அறிகுறியாக இருந்திருக்கலாம் என்பது பின்னாளில்தான் விளங்கியது.

சரியான காலத்தில் வந்த மருந்து

கென்னடி ஒரு பத்து, இருபது வருடங்கள் முந்திப் பிறந்து இதே நோய் வந்திருந்தால் அவருடைய பெயர் இன்று யாருக்கும் தெரிந்திராது. 1930 களுக்கு முன்னர் அடிசன் நோய் என்றால் மரணம்தான். 1930 களின் இறுதியில் டோகா என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட செயற்கை ஓமோன் ஒன்று உருவாக்கப்பட்டது. அதைச் சிறு உருண்டைகளாக்கித் தோலைக் கீறி உள்ளே வைத்துத் தைத்துவிடுவார்கள். அது மெல்ல மெல்லக் கரைந்து உடம்பில் உப்பைத் தக்கவைக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மீண்டும் கீறிப் புதிய உருண்டைகளை வைக்கவேண்டும். 1947 இன் பின்னர் கென்னடி இப்படித்தான் வாழ்ந்தார்.

அடுத்ததாகக் கோர்ட்டிசோன் வந்தது. 1948 செப்டெம்பரில் மேயோ நிலையத்தில் மூட்டுவாத நோயாளி ஒருவருக்கு அது முதலில் கொடுக்கப்பட்டது. அதற்காக ஃபிலிப் ஹென்ச், எட்வர்ட் கெண்டல், டாடியஸ் ரைக்ஸ்டைன் ஆகியோருக்கு 1950 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அக்காலத்தில் மாட்டின் பித்தநீரிலிருந்து பல படிகளைக் கடந்து தயாரிக்கப்பட்ட இம்மருந்து மிக அரிதாகவே கிடைத்தது. விலையும் அதிகம். வாயால் விழுங்கக்கூடிய கோர்ட்டிசோன் வந்தபின் கென்னடி அதைத் தினமும் எடுக்கத் தொடங்கினார். 25 மில்லிகிராம் என்ற அந்தச் சிறு அளவு அவரைக் கட்டிலிலிருந்து எழுப்பி, செனட் சபைக்கு அனுப்பியது.

பணக்காரத் தந்தைக்கு மகனின் உயிர் எதில் தொங்குகிறது என்பது தெரிந்திருந்தது. மகன் பயணம் செய்யும் எந்த நாட்டிலும் மருந்து இல்லை என்ற நிலை வரக்கூடாது என்பதற்காக, உலகின் பல நகரங்களில் வங்கிப் பாதுகாப்புப் பெட்டகங்களில் டோகாவும் கோர்ட்டிசோனும் வாங்கி வைக்கப்பட்டிருந்தன என்று அவருடைய வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். மற்றவர்கள் நகையையும் காணி உறுதியையும் வைக்கும் பெட்டகத்தில் அந்தக் குடும்பம் மருந்தை வைத்தது.

இந்தச் செய்தியை வாசிக்கும்போது எமது வாசகர்களுக்குச் சொந்த நினைவுகள் வராமல் இராது. பொருளாதாரத் தடைக்காலத்தில் மருந்துகளும் அனுமதி பெற்றே வடக்குக்கு வந்தன. இறுதிப் போரின்போது வன்னியில் மருந்துத் தட்டுப்பாடு எப்படியிருந்தது என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். 2022 நெருக்கடியில் நாடு முழுவதும் மருந்துச் சிட்டையோடு கடை கடையாக ஏறி இறங்கினார்கள். தினமும் குளிகை போடவேண்டியவருக்குப் பாதை பூட்டப்படுவது என்பது வெறும் பயணத் தடையல்ல. எங்களிடம் பெட்டகங்கள் இருக்கவில்லை.

கத்தியும் உயிரும்

1954 இல் கென்னடியின் முதுகு வலி ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாத அளவுக்கு வளர்ந்தது. முள்ளந்தண்டில் சத்திரசிகிச்சை செய்யலாம். ஆனால் அடிசன் நோயாளிக்குப் பெரிய சத்திரசிகிச்சை என்பது அந்தக் காலத்தில் உயிரைப் பணயம் வைப்பதுதான். பொஸ்டன் வைத்தியர்கள் வேண்டாம் என்றார்கள். கென்னடி சம்மதித்தார். ஒக்டோபர் 21 ஆம் திகதி நியூயோர்க் வைத்தியசாலை ஒன்றில் அது நடந்தது. முன்னும் பின்னும் ஓமோன்கள் ஏற்றப்பட்டன. ஆனாலும் கிருமித் தொற்று ஏற்பட்டு நினைவிழந்தார். மீண்டும் ஒருமுறை குருவானவர் அழைக்கப்பட்டார். மீண்டும் அவர் பிழைத்தார். 1955 பெப்ரவரியில் இன்னொரு சத்திரசிகிச்சை செய்து, முதலில் பொருத்திய உலோகத் தகட்டை அகற்றினார்கள்.

அதே ஆண்டின் இறுதியில் ஒரு மருத்துவச் சஞ்சிகையில் அதிரினல் குறைபாடுள்ளவர்களின் சத்திரசிகிச்சை பற்றிய கட்டுரை வெளிவந்தது. அதில் 37 வயது ஆண் ஒருவரின் கதை, பெயரில்லாமல், மருந்தின் அளவு முதற்கொண்டு விபரமாக இருந்தது. திகதியையும் வைத்தியசாலையையும் ஒப்பிட்டால் அது யார் என்பதைக் கண்டுபிடித்திருக்கலாம். பல வருடங்களுக்கு யாரும் ஒப்பிடவில்லை.

1955 மே முதல் 1957 ஒக்டோபர் வரை ஒன்பது தடவைகள், மொத்தம் 45 நாட்கள், அவர் வைத்தியசாலையில் இருந்தார். இதே காலத்தில்தான் நாடு முழுவதும் பயணம் செய்து ஜனாதிபதி வேட்பாளராவதற்கான அடித்தளத்தையும் போட்டார். சுறுசுறுப்பான இளைஞர் என்ற படம் மக்கள் மனதில் பதிந்தது.

1960 இல் சொன்ன பொய்

1960 ஜூலையில் ஜனநாயகக் கட்சி வேட்பாளரைத் தெரிவுசெய்யும் மாநாட்டுக்குச் சில நாட்களே இருந்தன. போட்டியாளரான லிண்டன் ஜோன்சனின் ஆதரவாளர்கள் ஜோன் கொனலியும் இந்தியா எட்வர்ட்ஸும், கென்னடிக்கு அடிசன் நோய் இருக்கிறது என்று ஊடகவியலாளர்களிடம் பகிரங்கமாகச் சொன்னார்கள். அவர்கள் சொன்னது உண்மை. கென்னடியின் தரப்பு மறுத்தது.

மறுத்த விதம் கவனிக்கத்தக்கது. தோமஸ் அடிசன் விவரித்தது பெரும்பாலும் காசநோயால் வந்த பாதிப்பு. கென்னடிக்குக் காசநோய் இல்லை. ஆகவே பழைய கருத்திலான அடிசன் நோய் அவருக்கு இல்லை என்று தம்பி ரொபேர்ட்டும் வைத்தியர்களும் சொன்னார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் தப்பிக்க இடமிருந்தது. ஆனால் கேட்டவர்கள் விளங்கிக்கொண்டது பொய். சுரப்பி வேலை செய்யாத, தினசரி ஓமோனில் உயிர்வாழும் ஒருவருக்குத்தான் தாங்கள் வாக்களிக்கிறோம் என்பது வாக்காளருக்குத் தெரியாமலே போனது.

மறைப்பின் விலையையும் அவர் கொடுத்தார். பிரசாரக் காலத்தில் கனெக்ரிகட் மாநிலத்தில் அவருடைய மருந்துப் பை காணாமற்போனது. உடனே மாநில ஆளுநர் ஏப்ரஹாம் ரிபிகோஃபுக்குத் தொலைபேசி எடுத்து, எப்படியாவது அதைத் தேடித்தரும்படி கேட்டார். மருந்து போய்விட்டதே என்ற பயத்தைவிட, பை வேறு யாருடைய கையிலாவது கிடைத்துவிடுமே என்ற பயமே பெரிதாக இருந்தது. அதே ஆண்டில் அவருடைய ஓமோன் வைத்தியரின் அலுவலகத்தை இனந்தெரியாதவர்கள் உடைத்துக் கோப்புகளைக் கிளறினார்கள்.

செப்டெம்பர் 26 ஆம் திகதி நிக்சனுடன் தொலைக்காட்சி விவாதம் நடந்தது. வைத்தியசாலையிலிருந்து வந்து அதிக நாள் ஆகாத நிக்சன் வெளிறித் தெரிந்தார். கென்னடியோ நல்ல வெயில் பட்ட நிறத்தோடு, ஆரோக்கியத்தின் வடிவமாக நின்றார். வெயிலும் காரணம்தான். ஆனால் தோலைக் கறுப்பாக்குவது அடிசன் நோயின் குணம். நோயும் அந்த நிறத்துக்கு உதவியிருக்கலாம். நவம்பரில் ஆறு கோடி எண்பது இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகளில், ஒன்றே கால் இலட்சத்துக்கும் குறைந்த வித்தியாசத்தில் அவர் வென்றார்.

பதின்மூன்று நாட்கள்

வெள்ளை மாளிகையில் அவரைச் சுற்றி வைத்தியர்கள் பலர் இருந்தார்கள். ஜனாதிபதியின் வைத்தியரான முதலாவது பெண் ஜெனட் ட்ராவல் முதுகுக்கு ஊசி போட்டார். கடற்படை வைத்தியர் ஜோர்ஜ் பேர்க்லி மேற்பார்வை செய்தார். இவர்களுக்கு வெளியே மக்ஸ் ஜேக்கப்சன் என்ற நியூயோர்க் வைத்தியர், ஊக்க மருந்து கலந்த ஊசிகளைக் கொண்டுவந்து ஏற்றினார். மற்ற வைத்தியர்கள் எச்சரித்தும் கென்னடி சில காலம் கேட்கவில்லை. இரகசியமாக மருந்து எடுப்பவர் யாரிடம் எதை வாங்குகிறார் என்பதைக் கேள்வி கேட்க ஆளில்லாமற் போவது இதில் உள்ள ஆபத்து. ஜேக்கப்சனின் வைத்திய அனுமதி 1975 இல் பறிக்கப்பட்டது.

1962 ஒக்டோபர் 10 ஆம் திகதி கென்னடி ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். தலிடோமைட் என்ற மருந்தினால் ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஊனமாகப் பிறந்த அதிர்ச்சியின் பின்னர் வந்த சட்டம் அது. ஒரு மருந்தைச் சந்தைக்கு விடுமுன், அது பாதுகாப்பானது என்பதோடு பயன் தரும் என்பதையும் நிறுவனங்கள் நிரூபிக்கவேண்டும் என்றது.

ஆறு நாட்களின் பின், ஒக்டோபர் 16 ஆம் திகதி, கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பதைக் காட்டும் படங்கள் அவருடைய மேசைக்கு வந்தன. உலகம் அணுவாயுதப் போரின் விளிம்பில் நின்ற பதின்மூன்று நாட்கள் தொடங்கின. பிற்காலத்தில் திறக்கப்பட்ட மருத்துவக் குறிப்புகளின்படி, அந்த நாட்களில் அவருக்கு ஹைட்ரோகோர்ட்டிசோனின் அளவு கூட்டப்பட்டது. உப்புக் குளிகைகளும் கொடுக்கப்பட்டன. மற்றவர்களின் உடம்பு நெருக்கடி நேரத்தில் தானாகச் செய்ததை அவருடைய உடம்புக்கு வைத்தியர்கள் கணக்குப் பார்த்துச் செய்தார்கள். உடனே குண்டு வீசவேண்டும் என்று தளபதிகள் வற்புறுத்தியபோதும் அவர் பொறுமையாக இருந்தார். கப்பல்கள் திரும்பின. போர் வரவில்லை. மருந்தில் தங்கியிருப்பவரால் நிதானமாக முடிவெடுக்க முடியாது என்று 1960 இல் வாதிட்டிருக்கக்கூடியவர்களுக்கு இதைவிட வேறு பதில் தேவையில்லை.

அப்படியானால் ஏன் மறைத்தார்? வாக்குக்காக என்பது ஒரு பதில். நோயாளி என்ற சொல்லை ஒருமுறை ஒட்டிவிட்டால் சமூகம் அதை உரிக்காது என்பது இன்னொரு பதில். இது அமெரிக்காவுக்கு மட்டும் உரியதல்ல. கல்யாணப் பேச்சு நடக்கும்போது மகளின் தைரொயிட் குளிகையை அலுமாரிக்குப் பின்னால் ஒளிக்கும் தாய்மாரை நாம் அறிவோம். புகுந்த வீட்டில் குளிகை போடப் பயந்து நிறுத்திய பிள்ளைகளும் உண்டு. நோயைவிட அந்த ஒளிப்புத்தான் அவர்களை அதிகம் வருத்துகிறது.

டலஸில்

1963 நவம்பர் 22 ஆம் திகதி டலஸ் நகரில் திறந்த காரில் சென்றபோது கென்னடி சுடப்பட்டார். மூன்று வருடங்களுக்கு முன் அவருடைய நோயைப் பகிரங்கப்படுத்திய ஜோன் கொனலி, அப்போது ரெக்சாஸ் மாநில ஆளுநராக அதே காரில் முன்னால் அமர்ந்திருந்தார். அவரும் காயமடைந்தார்.

பார்க்லண்ட் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில் வைத்தியர்கள் கடைசி முயற்சியில் இருந்தபோது, வைத்தியர் பேர்க்லி உள்ளே வந்தார். தன்னிடமிருந்த ஹைட்ரோகோர்ட்டிசோன் மருந்தைக் கொடுத்தார். 300 மில்லிகிராம் ஏற்றப்பட்டது. தலைக் காயத்துக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் அடிசன் நோயாளி ஒருவர் காயத்தோடு வந்தால் முதலில் செய்யவேண்டியது அதுதான். உலகம் முழுவதற்கும் மறைக்கப்பட்ட விடயம் அந்த அறையில் இருந்த ஒருவருக்குத் தெரிந்திருந்தது. மருந்தும் அவர் கையில் இருந்தது.

பிரேத பரிசோதனை அறிக்கையில் அதிரினல் சுரப்பிகள் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அந்தச் சுரப்பிகள் கண்ணுக்குத் தெரியும்படி அங்கே இருக்கவில்லை என்பது 1992 இல்தான் மருத்துவச் சஞ்சிகை ஒன்றின் மூலம் உறுதியானது. 2002 இல் வரலாற்றாசிரியர் ரொபேர்ட் டலெக்குக்கு மருத்துவக் கோப்புகள் திறந்துவிடப்பட்ட பின்னரே முழுக் கதையும் வெளிவந்தது. தங்கை யூனிஸ், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கான சிறப்பு ஒலிம்பிக்கை 1968 இல் தொடங்கி, அதே நோயோடு 88 வயது வரை வாழ்ந்து 2009 இல் காலமானார்.

இன்று அடிசன் நோயாளிகளின் மருந்து ஒரு சாதாரண குளிகை. வங்கிப் பெட்டகம் தேவையில்லை. தேவைப்படுவது மூன்று: மருந்து முடியுமுன் அடுத்ததை எடுத்து வைப்பது, நோயின் பெயரும் மருந்தின் பெயரும் எழுதிய ஒரு துண்டை எப்போதும் சட்டைப் பையிலோ கைப்பையிலோ வைத்திருப்பது, வீட்டில் ஒருவருக்காவது எல்லாவற்றையும் சொல்லி வைப்பது. ஸ்டெரோயிட் குளிகையை நீண்ட காலம் எடுப்பவர்கள் வேறு எந்த நோய்க்காக எடுத்தாலும், வைத்தியரைக் கேட்காமல் திடீரென நிறுத்தக்கூடாது என்பதையும் இதோடு சேர்த்து நினைவில் வைக்கலாம்.

ஜனாதிபதியாக இருந்தும் கென்னடிக்குத் தன் மருந்துப் பையைத் திறந்து மேசையில் வைக்கும் துணிவு வரவில்லை. எமது வீடுகளில் அந்தப் பையை ஒளிக்கவேண்டிய அவசியம் இல்லை. அது எங்கே இருக்கிறது என்பது வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரிந்திருந்தால் போதும்.